பவர்ஸ்லேவ் எட்டுப் பாட்டு: உங்கள் வரிசை என்ன? (என் வரிசையில் ரைம் முதலிடம் இல்லை)

கரும்புக்காட்டான் (ஃபீனிக்ஸ், டர்பன்)

நேற்று ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் இருந்தது, ஹெட்போனும் கையில் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தை ஒரு பாட்டையும் தள்ளாமல் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். கேட்டு முடித்ததும் எட்டையும் வரிசைப்படுத்தாமல் தூக்கம் வரவில்லை. திட்டப் போகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கீழேயிருந்து வருகிறேன். எட்டாவது, லாஸ்ஃபர் வேர்ட்ஸ். பாடுகிறவர் இல்லாத பாட்டு, வாத்தியம் மட்டும்தான். 'பேச வார்த்தை வரவில்லை' என்பதைக் கொச்சையாக உச்சரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் குறும்புக்குக் கொஞ்சம் மார்க் போடலாம். ஆனால் முன்னால் இரண்டு பெரிய பாட்டு அடித்துக்கொண்டு வந்த வேகத்தில், மூன்றாவதாக இது வந்து நிற்கும்போது பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் வராமல் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது.

ஏழாவது பேக் இன் த வில்லேஜ். 'த பிரிசனர்' என்ற பழைய டிவி தொடரை வைத்து இதே ஆட்கள் 1982 ஆல்பத்திலேயே ஒரு பாட்டுப் போட்டுவிட்டார்கள், அப்புறம் எதற்கு மறுபடியும் அதே ஊருக்குப் போக வேண்டும்? கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. மனதில் நிற்கவில்லை.

ஆறாவது த டூயலிஸ்ட்ஸ், ஐந்தாவது ஃப்ளாஷ் ஆஃப் த பிளேட். பாடகர் புரூஸ் டிக்கின்சன் நிஜமாகவே வாள் வீசுகிறவர் என்பது தெரிந்ததுதான். அதற்காக அடுத்தடுத்து இரண்டு கத்திச் சண்டையா? எம்.ஜி.ஆர். படத்தில்கூட நடுவில் ஒரு டூயட் வைப்பார்கள்.

நாலாவது டூ மினிட்ஸ் டு மிட்நைட். மூன்றாவது ரைம் ஆஃப் த ஏன்ஷியன்ட் மாரினர். இரண்டாவது ஏசஸ் ஹை. முதலிடம் ஆல்பத்தின் பெயரையே சுமக்கும் பவர்ஸ்லேவ்.

ஆரம்பிக்கலாம்.

மிட்ராண்ட்_மதுரை

அண்ணே, ரைம் மூன்றாவதா? காலையில் டீ குடித்துக்கொண்டே படித்தேன், புரை ஏறிவிட்டது.

பதின்மூன்றரை நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. 1798ல் வந்த ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கவிதையை, பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் தன் வார்த்தையில் சுருக்கி, நடுவே அசல் கவிதை வரிகளையும் அப்படியே வாசிக்கவிட்டு, ஒரு இடத்தில்கூடத் தொய்வில்லாமல் கொண்டுபோயிருக்கிறார். 2015ல் பதினெட்டு நிமிட 'எம்பயர் ஆஃப் த கிளவுட்ஸ்' வரும்வரை இவர்களின் மிக நீளமான பாட்டு இதுதான். முப்பத்தோரு வருடம்! அப்படிப்பட்டதை மூன்றாவதாக வைக்க ஒரு காரணமாவது சொல்ல வேண்டாமா? கத்திச் சண்டைக்கு எம்.ஜி.ஆரை இழுக்கத் தெரிகிறது, ரைமுக்கு ஒரு வரிகூட இல்லை.

என் வரிசை: ரைம், பவர்ஸ்லேவ், ஏசஸ் ஹை, டூ மினிட்ஸ். மற்ற நாலும் எந்த வரிசையில் வந்தாலும் எனக்குச் சண்டை இல்லை.

நாலுதந்தி (கேப்டவுன்)

நான் பேஸ் வாசிக்கிறவன், அதனால் ஒருபக்கமாகத்தான் பேசுவேன்.

ரைமில் குதிரை ஓடுகிற அந்தத் தாளத்தை, தா-தக தா-தக என்று போவதை, ஹாரிஸ் பிக் பிடிக்காமல் இரண்டு விரலால் வாசிக்கிறார். வீட்டில் முயன்று பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் முன்கை கல் மாதிரி இறுகும். விரல்நுனி பழுத்துவிடும். நான் பதினேழு வயதில் தொடங்கினேன், முதல் வருடம் முழுக்க பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் வாசித்தேன். பின்னால் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் ஒற்றைப் பெடலில் ஒற்றைக் காலால் உதைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் இரண்டு கால் போலத்தான் இருக்கும்.

ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் உயிர் வேகத்தில் இல்லை. நடுவே எல்லாம் அடங்குகிறதே, அங்கே இருக்கிறது. காற்று நின்றுபோய், மரப்பலகை கிறீச்சிடும் ஓசை கேட்கிறது. ஒருவர் கரகரத்த குரலில் கவிதையை வாசிக்கிறார். அடியில் பேஸ் மட்டும் மெதுவாக நடக்கிறது. இருநூறு மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்கிற இடம். ஹெவி மெட்டல் ஆல்பத்தில் இவ்வளவு அமைதியாக இத்தனை நேரம் இருக்க 1984ல் தைரியம் வேண்டும்.

ரைம்தான் முதல். லாஸ்ஃபர் எட்டு என்பதில் மட்டும் கரும்புக்காட்டானோடு ஒத்துப்போகிறேன். அதற்குப் பிறகு மெய்டன் வாத்தியம் மட்டும் உள்ள பாட்டே எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் போடவில்லை. அவர்களுக்கே போதும் என்றாகிவிட்டது போலிருக்கிறது.

புதுசுகேட்பவன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இருபது வயது. தமிழ் சனிக்கிழமை வகுப்பில் படித்ததுதான், பிழை இருந்தால் மன்னிக்கவும். பவர்ஸ்லேவை போன மாதம்தான் கேட்டேன். ஏசஸ் ஹை முதல். ஜிம்மில் ரைம் போட முடியாது, நடுவில் எடையைக் கீழே வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம்.

நாலுதந்தி

தம்பி, தமிழில் பிழை இல்லை. ஜிம்மில்தான் பிழை.

ஆக்டன்வில் (பெனோனி)

நான் இங்கே எல்லோரையும்விட வயதில் மூத்தவனாக இருப்பேன். பாட்டுக்குப் போவதற்குமுன் ஒரு தேதி சொல்கிறேன். பவர்ஸ்லேவ் வெளியானது 1984 செப்டம்பர் 3. அதே நாள்தான் நம் தென்னாப்பிரிக்காவில், வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனியாக மூன்று அவை வைத்து, கறுப்பர்களை வெளியே விட்ட நாடாளுமன்றத்துக்கான புது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாள்தான் ஷார்ப்வில், செபோக்கெங் என்று கறுப்பர் குடியிருப்புகள் எல்லாம் பற்றி எரிந்தன. ஒரு வாரம் முன்னால் ஆகஸ்ட் 28ல் இந்தியர் அவைக்குத் தேர்தல். பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஏறத்தாழ ஓட்டுப் போட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. அன்றைக்கு அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் யார் யார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

இதற்கும் லண்டன் பையன்கள் பஹாமாஸில் உட்கார்ந்து பதிவு செய்த ஆல்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தெரியும். ஆனால் 'அதிகாரத்தின் அடிமை' என்று தலைப்பு வைத்த ஒரு டேப்பை அந்தக் காலத்தில் கையில் வாங்கிய எங்களுக்கு அதை வெறும் எகிப்துக் கதையாகக் கேட்க முடியவில்லை. பாட்டில் ஒரு ஃபாரோ இருக்கிறான். கடவுளாகக் கும்பிடப்பட்டவன். கடைசியில் சாவு வந்து கையைப் பிடிக்கும்போது 'நானா? எனக்கா?' என்று திகைக்கிறான். அந்த வருடங்களில் டிவியில் விரலை ஆட்டிப் பேசிய அதிபர் போத்தாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அப்புறம் டூ மினிட்ஸ் டு மிட்நைட்டை நாலாவதாகப் போட்டதுதான் எனக்கு வருத்தம். உலகம் அழிவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட அணு விஞ்ஞானிகள் வைத்த ஊழிக்கால கடிகாரம் 1953ல் நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் முன்னால் நின்றது, அதைத்தான் பாடுகிறார்கள். 1984ல் அது மூன்று நிமிடத்தில் இருந்தது. நாங்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிரிட்டோரியா பக்கத்திலேயே ரகசியமாக அணுகுண்டு செய்துகொண்டிருந்தார்கள். ஆறு குண்டு. 1993 மார்ச்சில் அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, செய்தோம், பிரித்துப் போட்டுவிட்டோம் என்று சொன்னபோதுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைத்தான் போட்டேன்.

என் வரிசையில் டூ மினிட்ஸ் முதல், பவர்ஸ்லேவ் இரண்டு. ரைம்? நல்ல பாட்டு. நீளம்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா

ஆக்டன்வில் அண்ணா எழுதியதைப் படித்தபிறகு நானும் ஒன்று சொல்லலாம் என்று துணிகிறேன். நான் மெட்டல் ரசிகை இல்லை. என் மகன் கேட்பான், சுவர் வழியாக எனக்கும் கேட்கும். ஆனால் ரைம் மட்டும் நானாகப் போட்டுக் கேட்பேன். கோல்ரிட்ஜ் கவிதையைப் பள்ளியில் நடத்தியிருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கப்பல் நடுக்கடலில் அசையாமல் நிற்கிற அந்த இடத்தில் எனக்கு 'ட்ரூரோ' ஞாபகம் வரும். 1860ல் மதராஸில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு வந்து நவம்பர் 16ல் டர்பனில் இறக்கிய கப்பல். 1911 வரைக்கும் அப்படி ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். கீழ்த்தட்டில் படுத்துக்கொண்டு அவர்கள் கேட்டதும் இதே கிறீச்சொலிதானே?

மிட்ராண்ட்_மதுரை

அக்கா, கோபித்துக்கொள்ளக்கூடாது. நான் இங்கே வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது, வெளியாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ட்ரூரோவில் ஏற்றினால் கப்பல் தாங்குமா? போன மாதம் சமையல் இழையில் பன்னி சௌவையும் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்புவது) அதில்தான் ஏற்றினீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா

பன்னி சௌ பற்றிச் சொன்னது இன்னொருவர், என் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆனால் நீங்கள் சொன்னபிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒப்புமை சரியில்லைதான். காரணம் வேறு. அந்தக் கிழட்டு மாலுமி நல்ல சகுனமாக வந்த பறவையைத் தானே சுட்டான், அதற்காகத்தான் சாபம். நம் ஆட்கள் எந்தப் பறவையைச் சுட்டார்கள்? ட்ரூரோவை இறக்கிவிடுகிறேன். ரைம் முதலிடத்தை மட்டும் இறக்கமாட்டேன்.

கரும்புக்காட்டான்

சரி, எல்லோரும் சேர்ந்து மூலையில் நிறுத்திவிட்டீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கக்கூடாது.

எங்கள் வீட்டில் இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தது என் தாய்மாமன். அவர் நண்பனிடம் இருந்த எல்பியிலிருந்து 90 நிமிட கேசட் ஒன்றில் பிடித்தது. எனக்கு அப்போது எட்டு வயது. கணக்குப் போடுங்கள்: ஆல்பம் 50 நிமிடத்துக்குச் சற்று மேல், கேசட்டின் ஒரு பக்கம் 45. ரைம் தொடங்கும்போதே 37 நிமிடம் ஓடிவிட்டிருக்கும். ஆக எங்கள் டேப்பில் ரைம் ஏழெட்டு நிமிடம்தான். நாலுதந்தி சொன்னாரே, எல்லாம் அடங்கிய இடம். கிறீச்சொலி, கவிதை வாசிப்பு, அதற்குப் பிறகு புரூஸ் ரகசியம் பேசுகிற மாதிரி மெல்லப் பாடத் தொடங்குவார். மாலுமி செத்தவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அங்கே 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும். அவ்வளவுதான்.

முழுப் பாட்டையும் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்கடுத்துதான் சாபம் உடைகிறது. கழுத்தில் தொங்கும் பறவை கடலில் விழுகிறது. மழை கொட்டுகிறது. புரூஸ் அலறுகிறார், கிட்டார் எல்லாம் திரும்பி வருகின்றன. எட்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை நான் கேட்ட ரைமில் மழை பெய்யவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டேப்பைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் டி.எம்.எஸ். முருகன் பாட்டு. ஆயா இங்குள்ள இந்தியர்களுக்கான ரேடியோ லோட்டஸில் இருந்து பிடித்து வைத்தது. ஆக என் தலைக்குள் பாட்டு இப்படித்தான் ஓடும்: கப்பல் நிற்கிறது, ஆட்கள் சாகிறார்கள், டக், முருகா.

1998ல் சிடி வாங்கினேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். எட்டு நிமிடம் தாண்டியதும் மழை வந்தது, வேகம் வந்தது, மறுபடியும் குதிரை ஓடியது, மாலுமி கரையேறி ஊர் ஊராகக் கதை சொல்லப் போனான். எல்லோருக்கும் அந்த இடத்தில் புல்லரிக்கும் என்கிறார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தப்பிக்கவே முடியாது என்று பதினோரு வருடம் நம்பியிருந்த ஒருவன் பொசுக்கென்று தப்பித்துவிட்டான். அதனால் மூன்று.

நாலுதந்தி

இரண்டு முறை படித்தேன். ஓட்டை டேப்பை வைத்துப் பாட்டுக்கு மார்க் போடுவது, கடைசி ரீல் இல்லாத பிரிண்ட்டைப் பார்த்துவிட்டுப் படம் சோகம் என்று சொல்வதற்குச் சமம். ஆனாலும் 'டக், முருகா' என்று நானும் நேற்று முழுக்க முனகிக்கொண்டே திரிந்தேன்.

மிட்ராண்ட்_மதுரை

முருகன் சம்பந்தப்பட்டுவிட்டதால் நான் வாயைத் திறக்க முடியாது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன்.

ரைமை விட்டுவிட்டு பவர்ஸ்லேவுக்கு வருகிறேன். அந்த முதல் கிட்டார் வரி மாயாமாளவகௌளைதானே? என் தங்கை பாட்டுக் கிளாஸில் வருடக்கணக்கில் சரளி வரிசை பாடியது என் காதில் இன்னும் இருக்கிறது.

மாரிட்ஸ்பர்க்_அக்கா

நான் வயலின் ஆறு வருடம் கற்றேன். ஸ்வரத்தைப் பிரித்துப் பார்க்காமல் ராகப் பெயரை ஒட்டாதீர்கள். மேற்கத்தியர்கள் எகிப்து, பாலைவனம், பாம்பாட்டி எது வந்தாலும் ஆதார ஸ்வரத்துக்கு அரைப்படி மேலே ஒன்றைத் தொட்டு அழுத்துவார்கள். நமக்கு உடனே கோவில் ஞாபகம் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். நடுவில் வேகம் குறைந்து ஒரு கிட்டார் தனியாக வருகிறதே, அங்கே எந்த ராகமும் இல்லை, நல்ல ப்ளூஸ் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் அந்தப் பாட்டின் அழகான இடம்.

ஆக்டன்வில்

2016 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் வாசித்தபோது இந்த ஆல்பத்திலிருந்து பவர்ஸ்லேவ் மட்டும்தான் பாடினார்கள். நான் இருந்தேன். ஹைவெல்டில், அதாவது ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்தில், மே மாதக் குளிர் எப்படி என்று டர்பன்காரர்களுக்குத் தெரியாது. ஸ்வெட்டருக்கு மேலே கருப்பு டிசர்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு நின்றேன், பார்க்க மூட்டை கட்டிய மாதிரி இருந்திருப்பேன். பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கானர் வெள்ளைக்காரக் கிழவர், என் வயதுதான் இருக்கும். ஃபாரோ சாகிற வரி வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அப்புறம் அவர் தன் பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றினார். பேசிக்கொள்ளவில்லை. 1984ல் அவர் எந்தச் சீருடையில் இருந்தார் என்று கேட்க வாய் வந்தது, காபி நன்றாக இருந்ததால் கேட்கவில்லை.

புதுசுகேட்பவன்

நான் வரிசையை மாற்றுகிறேன். பவர்ஸ்லேவ் முதல், ஏசஸ் ஹை இரண்டு. ரைமை இன்று பஸ்ஸில் முழுதாகக் கேட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. மூன்று.

ஃப்ளாஷ் ஆஃப் த பிளேடை யாரும் பேசவே இல்லையே? அதைத்தான் இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ தன் 'ஃபெனாமினா' படத்தில் போட்டிருக்கிறார். ஆரம்ப கிட்டார் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

நாலுதந்தி

தம்பி சொல்வது சரி, ஐந்தாவது இடத்துக்குக் குறையாது. 1985ல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' ஆல்பத்தில் பவர்ஸ்லேவின் நாலு பாட்டுதான் இருக்கும்: ஏசஸ் ஹை, டூ மினிட்ஸ், ரைம், பவர்ஸ்லேவ். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் மீதி நாலையும் மறந்துபோனோம். சர்ச்சில் பேச்சு முடிந்து ஏசஸ் ஹை வெடிக்கிற இடத்துக்குப் பழகிய காதுக்கு ஸ்டூடியோப் பதிவே கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

கரும்புக்காட்டானே, ஒரு சந்தேகம். உங்கள் மாமா இப்போது எங்கே? அவர் வரிசையைக் கேட்டீர்களா? டேப்பைப் பிடித்தவரே அவர்தானே.

கரும்புக்காட்டான்

மாமா சாட்ஸ்வர்த்தில்தான் இருக்கிறார். ரிட்டயர் ஆகிவிட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மாமி மட்டன் கறி எடுத்துவைக்கும்வரை இதே பேச்சுதான்.

முதலில் மழை விஷயம். மாமா சொன்னார்: "மீதியப் பின்பக்கம் புடிச்சிருந்தேண்டா. ஊசிய சரியா அந்த எடத்துல வச்சுப் புடிச்சேன். உங்க ஆயாதான் மேல முருகனப் போட்டுட்டா." அவருக்கு மழை எப்போதும் பெய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அதன்மேல் டி.எம்.எஸ். விழுந்துவிட்டார்.

அப்புறம் வரிசை. இதைக் கேட்க எல்லோரும் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலிடம் லாஸ்ஃபர் வேர்ட்ஸ்.

நான் கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. எண்பதுகளின் கடைசியில் பத்திரிகை, பள்ளிக்கூடம், பக்கத்து வீடு எல்லா இடத்திலும் சாத்தான் பேச்சாக இருந்தது, உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். ராக் பாட்டைத் திருப்பி ஓட்டினால் பிசாசு பேசும் என்றார்கள். மாமா நண்பனிடமிருந்து, எகிப்துக் கோவில் படம் போட்ட எல்பி அட்டையையும் இரவல் வாங்கி வைத்திருந்தார். ஆயா முதலில் அதைத் தூரத்திலிருந்து பார்த்து எந்த ஊர்க் கோவில் என்று கேட்டாளாம். கிட்ட வந்து நடுவில் உட்கார்ந்திருக்கிற, மெய்டனின் பேய்ச் சின்னமான எடியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அன்றோடு "அந்தப் பேய்ப் பாட்ட இந்த வீட்ல போடாத" என்று உத்தரவு. மாமா வாதாடியிருக்கிறார். ஒரு நாள் சமையலறை வாசலில் ரேடியோவை வைத்து, லாஸ்ஃபர் வேர்ட்ஸைப் போட்டுக் காட்டி, "இதுல வார்த்தையே இல்ல, வார்த்தை இல்லாதப்ப சாத்தான் எப்படிப் பேசுவான்?" என்று கேட்டாராம். ஆயா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுதாகக் கேட்டுவிட்டு, இது மட்டும் போடலாம் என்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தமாகக் கேட்க முடிந்த ஒரே மெட்டல் பாட்டு அதுதான். மற்ற ஏழும் தலையணைக்கு அடியில். நாலு நிமிடம் முடிந்ததும் ஓடிப்போய் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாஷ் ஆஃப் த பிளேடில் புரூஸ் வாயைத் திறந்துவிடுவார். அந்த ஓடிப்போகிற வேலை என்னுடையதாம். எனக்கு ஞாபகமே இல்லை.

மாரிட்ஸ்பர்க்_அக்கா

ஆயா எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் அந்தப் பாட்டை?

கரும்புக்காட்டான்

நானும் அதைத்தான் கேட்டேன். தினமும் பருப்புப் பொறுக்கும் நேரத்துக்கு அவளே போடச் சொல்வாளாம். ஒரு தடவை இது எந்தப் படம் என்று விசாரித்திருக்கிறாள்.

லாஸ்ஃபரை எட்டிலிருந்து எடுத்து ஐந்தில் வைக்கிறேன். ஃப்ளாஷ் ஆறு, டூயலிஸ்ட்ஸ் ஏழு, பேக் இன் த வில்லேஜ் எட்டு.

மிட்ராண்ட்_மதுரை

ரைம், அண்ணே?

கரும்புக்காட்டான்

மூன்றுதான்.